வீடு தட்டப் போகும் வீடு

கரண்ட் போய்த் திரும்பி வந்தால் லேத்துக்கார வீதியில் ட்யூப் லைட்டுகள் கண்சிமிட்டும், மிக்ஸிகள் விட்ட இடத்திலிருந்து தேங்காயை அரைக்கும், பட்டறைகளில் நின்றுபோன லேத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு எழும். தண்டபாணியின் வீடு மட்டும் இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பி, எறும்பு நடையாக இடப்பக்கம் நகர்ந்து, நடுவிலிருக்கும் குறுகலான சந்தைக் கடந்து, அவருடைய தங்கை வசந்தாமணி வீட்டுச் சுவரை ‘டக்’கென்று ஒரு தட்டு தட்டிவிட்டு, வந்த வழியே பின்வாங்கித் தன் அஸ்திவாரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் ஃபேன் சுற்றும், டிவி பேசும், ரங்கநாயகி அடுப்பைப் பற்றவைப்பாள். வீடு போய்விட்டு வரும்வரை தண்டபாணி மட்டும் அதற்குள் இருக்கமாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வரிசை டீக்கடைக்குப் போய், யாருடைய வீடோ போகிறது என்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை என்பது வீதிக்கே தெரியும். அப்பா கட்டிய பழைய ஓட்டு வீடு இடப்பக்கம். கல்யாணமான பிறகு தண்டபாணி கான்கிரீட் போட்டு எழுப்பிய தார்சு வீடு வலப்பக்கம். அப்பா போன பிறகு, புருசனை இழந்து கைப்பிள்ளையோடு திரும்பி வந்த வசந்தாமணி பழைய வீட்டைக் கேட்டாள். தண்டபாணி ஒரு அடிகூட நகரமாட்டேன் என்றார். வக்கீல்கள் பேசினார்கள், உறவுக்காரர்கள் கல்யாண மண்டபங்களில் கூடிக்கூடிப் பேசினார்கள், கடைசியில் பழைய வீடு அவளுக்கு என்று ஆனது. நடுவில் ஒரு சந்து யாருக்கும் இல்லாமல் மிஞ்சியது. அதில் குப்பைமேனியும் நாயுருவியும் வளர்ந்தன. சொந்த வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள். அந்தக் கதவு தங்கை வீட்டுக் கதவான பிறகு தட்டவேண்டிய கதவாகிவிட்டது. தட்டுவதற்கு தண்டபாணியின் கை எழவில்லை. கைப்பிள்ளையாக வந்தவன் வளர்ந்து படித்து ஓசூரில் வேலைக்கே போய்விட்டான், கை எழவே இல்லை.

மற்றபடி அவருடைய கை சும்மா இருக்கிற கையல்ல. அவர் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். முகூர்த்த மாதங்களில் பந்திக்கும் மேடைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்துவிட்டு, ஆடியும் மார்கழியும் வந்ததும் காலி மண்டபத்தில் அடுக்கிவைத்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு இருக்கமுடியாமல், உக்கடத்தில் காஜா பாயின் பழைய இரும்புக் கடைக்குப் போவார். அங்கே மூடிப்போன ஆபீஸ்களின் பிரிண்டர்களும் ஜெராக்ஸ் மெஷின்களும் ஃபேக்ஸ் மெஷின்களும் மழையில் நனைந்தபடி குவிந்து கிடக்கும். ஸ்க்ரூடிரைவரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேல்மூடியைக் கழற்றி, வார்பெல்ட்டை உருவி, மூலையில் ஒளிந்திருக்கும் குட்டி மோட்டாரை மட்டும் பிடுங்கிக்கொண்டு மற்றதை எடைக்கே விட்டுவிடுவார். ஸ்டெப்பர் மோட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து, திரைச்சீலை இழுக்கவும், மீனுக்குத் தீனி போடவும், கொலு பொம்மையைச் சுற்றவைக்கவும் எதையாவது செய்துகொண்டிருப்பார். பாதி வேலை செய்யும். மீதி கொஞ்ச நேரம் வேலை செய்யும்.

மோட்டார் என்றால் கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது என்று பிறந்ததிலிருந்து அறிந்திருக்கும் ஊரில் இந்த மோட்டாரை யாரும் மதிக்கவில்லை. வலப்பக்கத்து லேத் முதலாளி கிட்டுசாமி அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

“ஏன் மாப்ள, தண்ணி ஏத்தாது, காத்தடிக்காது, மாவு ஆட்டாது. அப்பறம் என்ன கருமத்துக்கு இதுக்கு மோட்டார்னு பேரு?”

“அது ஓடாது மச்சா. எட்டு வைக்கும். வெச்சு நிக்கும். அடுத்த எட்டுக்குக் கேட்டுட்டு வைக்கும்.”

“யாரக் கேக்கும்?”

“கரண்ட்ட.”

அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை விரலால் திருப்பினால் வழுக்கிக்கொண்டு சுற்றாது. ‘கடக்’ என்று ஒரு பல் நகர்ந்து நிற்கும், இன்னொரு ‘கடக்’, நிற்கும். அதன் வாலில் தொங்கும் ஒயர்களில் எது எதற்கு ஜோடி என்று கண்டுபிடிக்க தண்டபாணி வைத்திருந்த வழி கிட்டுசாமிக்குப் பிடித்திருந்தது. ஏதாவது இரண்டு ஒயரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டைத் திருப்பவேண்டும். சும்மா திரும்பினால் அவை ஒன்றுக்கொன்று உறவில்லை. திருப்ப முடியாமல் விறைத்துக்கொண்டால் அவை இரண்டும் ஒரே கம்பிச்சுருளின், அதாவது ஒரே காயிலின், இரு முனைகள்.

“அட, நீயும் உன்ற தங்கச்சியும்” என்றார் கிட்டுசாமி. “பக்கத்துல வந்தா ரெண்டு பேரும் வெறச்சுக்கறீங்கள்ல. ஒரே காயில்தான்.”

தண்டபாணி மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிரிண்டரிலிருந்து வந்த மோட்டார்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிரிண்டரைப் போட்டதும் அதன் தலை முதலில் இடப்பக்கச் சுவர்வரை போய் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். ரிப்பேர்க்காரர்கள் இதை ‘வீடு தட்டுறது’ என்பார்கள். வீடு தட்டாத பிரிண்டர் ஒரு எழுத்துக்கூட அடிக்காது. சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு விம்மிக்கொண்டிருக்கும். சுவரைக் கழற்றிவிட்டால் தலை இடப்பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும், பெல்ட் அறுகிறவரைக்கும் போகும்.

ஓர் ஆடி மாதத்தில் தண்டபாணி தன் வீட்டு கேட்டுக்கு மோட்டார் வைத்தார். முகூர்த்த நாட்களில் விடியலில் வீடு திரும்பும்போது ரங்கநாயகி எழுந்துவந்து அந்த இழுவை கேட்டைத் தள்ளவேண்டியிருந்தது. தள்ளிவிட்டு அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள், அந்த வார்த்தை அன்று முழுவதும் அவர் கூடவே வரும். மூடிப்போன ஏதோ ஏற்றுமதி ஆபீஸின் பிரிண்டர்களிலிருந்து பிடுங்கிய மோட்டார்களை எல்லாம் போர்டிகோத் தூணில் வரிசையாக இறுக்கினார், பல்சட்டத்தைக் கேட்டில் பற்றவைத்தார், ஒயர்களை ஜோடி சேர்த்தார். வாசலுக்குத் தளம் போட வந்திருந்த கொத்தனார் கேட்டின் சக்கரங்களையும் சேர்த்து சிமென்டில் மூடிவிட்டுப் போயிருந்தார், அதை மட்டும் அவர் கவனிக்கவில்லை. சிமென்ட் இறுகியிருந்தது. தண்டபாணி சுவிட்சைப் போட்டார். மோட்டார்கள் எல்லாம் ஒரே குரலில் ‘கடக்’ என்றன. கேட் நகரவில்லை. கேட் நகரவில்லை என்றால் வேறு எது நகரவேண்டுமோ அது நகர்ந்தது.

ரங்கநாயகி அப்போது இட்லித் தட்டைத் துணியால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கிட்டுசாமியின் பட்டறை மெதுவாகத் தள்ளிப்போவதைப் பார்த்தாள்.

“ஏனுங், பட்டறைய எங்கயோ கொண்டு போறாங்களாட்ட இருக்குது” என்றாள்.

வீடு சந்தைக் கடந்தது. நாயுருவி அதன் கீழ் படுத்து மறுபடி எழுந்தது. வசந்தாமணியின் சமையலறைச் சுவரை வீடு ஒரு தட்டு தட்டியது. உள்ளே ஒரு பித்தளை ஏனம் விழுந்து, உருண்டு, நின்றது. வீடு திரும்பி வந்து உட்கார்ந்தது. தண்டபாணி மோட்டார்களை எல்லாம் கழற்றி ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். மத்தியானம் கரண்ட் போய் வந்தது. மோட்டார் எதுவும் இல்லாமலேயே வீடு கிளம்பியது.

“கத்துக்கிச்சு” என்றார் கிட்டுசாமி. வீதியில் அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

செய்யவேண்டிய வேலைகள் நிறைய இருந்தன. குடிநீர்க் குழாயின் பிவிசி பைப்பை அறுத்துவிட்டு அங்கே தோட்டத்து ஹோஸை மாட்டினார்கள். சாக்கடைக்கு நெளிகிற பைப் போட்டார்கள். லைன்மேன் சகாயம் கம்பத்தில் ஏறி, சர்வீஸ் ஒயரில் ஊஞ்சல்போலத் தொங்குகிற அளவுக்கு அதிகம் விட்டுக்கொடுத்து, கீழே பார்த்துக் கத்தினார்.

“வீட்டுக்கு ஒரு ரேட்டு இருக்குது, கடைக்கு ஒரு ரேட்டு இருக்குது. ஊர் சுத்தற வீட்டுக்கு எந்த ரேட்டுங்ணா போடறது?”

“எங்க சுத்துது? பக்கத்து வீட்டுக்குத்தான போகுது” என்றாள் ரங்கநாயகி. “சொந்தக்காரங்க வீட்டுக்கு உறம்பரை போறதுக்கு ஒரு ரேட்டு இருந்தா போடுங்க.”

பால்காரம்மா, கரண்ட் இல்லாத நேரத்தில் வந்தால் பாக்கெட்டை வாசலில் வைக்காமல் ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போகப் பழகினாள். வரிக்காக வீட்டை அளக்க வந்தவர், அளந்துகொண்டிருக்கும்போதே டேப் இழுபட, டேப்பை விட்டுவிட்டு, வீடு திரும்பி வரும்வரை டீ குடித்தார். பிறகு அளந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கரண்ட் எப்போது போகும் என்று போர்டிகோவில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தார்கள். ரங்கநாயகியின் கோலம்தான் சிரமப்பட்டது. வாசலில் போட்ட கோலத்தை விட்டுவிட்டு வாசல் போய்விடும். சில நாள் முனகிவிட்டு, அவள் வாசலிலிருந்து சந்தைக் கடந்து நாத்தனார் வீட்டுச் சுவர்வரைக்கும் நீளமாக ஒரே இழையாகக் கோலத்தை இழுக்க ஆரம்பித்தாள். வீடு எங்கே நின்றாலும் அதன் முன்னால் கோலம் இருந்தது.

மண்டபத்துக்குக் கல்யாணம் பேச வருகிறவர்கள் அப்படியே நடந்து வந்து வீட்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர், தன் வீட்டுக்கும் இப்படி ஒன்று செய்து தரமுடியுமா என்று கேட்டார்; மாமியார் வீடு போத்தனூரில் இருக்கிறது, போய்விட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரமாகும் என்றார். “மாப்ளே, போறது போயிரும்” என்றார் கிட்டுசாமி. “திரும்பி உட்டனுப்போணும்ல உங்க மாமியா.”

மெதுவாக வீதிக்கும் அந்தப் பழக்கம் தொற்றியது. காலையில் லேத்தைப் போடுவதற்குமுன் ஆள்கள் இடப்பக்கத்துச் சுவரை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்து சுவிட்சில் கை வைத்தார்கள். தட்டாமல் ஆரம்பித்த நாளில் அளவு பிசகுகிறது, கடைசல் எகிறுகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். “வீடு தட்டியாச்சா?” என்று கேட்டால் வேலையை ஆரம்பித்தாயா என்று அர்த்தமாகிவிட்டது. இடப்பக்கத்துக்காரனோடு சண்டை உள்ளவர்களுக்குத்தான் சங்கடம். அவர்கள் விளக்குமாற்றுக் கட்டையால் தட்டிவிட்டு ஓடிவந்தார்கள். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

வசந்தாமணி அண்ணனிடம் பேசாமல், அவர் காதில் விழுகிற தூரத்தில் சுவரிடம் பேசினாள். முதல் வாரம் விழுந்த ஏனங்களை அடுக்கிக்கொண்டே சத்தமாகச் சொன்னாள்.

“பங்கு கேட்டப்ப ஒரு அடி நகரமாட்டேன்னவிய. இப்ப வீட்டையே நகத்திக்கிட்டு வர்றாங்களாக்கும். எதுக்கு? இதையும் இடிச்சுத் தள்ளிட்டுப் போறதுக்கா?”

டீக்கடையில் நின்றிருந்த தண்டபாணி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரலே, வீடுதான் வருது என்று யாராவது அவளிடம் சொல்லவேண்டும் என்றிருந்தது. யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வீடு போய்த் தட்டியபோது ‘டக்’ என்ற சத்தம் வரவில்லை. ‘பொத்’தென்று மெத்தென்று ஒரு சத்தம் வந்தது. ஏனம் எதுவும் விழவில்லை. ரங்கநாயகி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

“பழைய சாக்குல தேங்கா நாரத் திணிச்சு, தெச்சு, சொவத்துல கட்டித் தொங்கவிட்டிருக்கறா. நம்ம சொவத்துக்கு அடிபடக்கூடாதுன்னு.”

“அவ சொவத்துக்கு அடிபடக்கூடாதுன்னு” என்றார் தண்டபாணி.

“அப்படியே வெச்சுக்குங்க.”

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ‘பொத்’ என்ற அந்தச் சத்தத்தைக் கேட்காவிட்டால் மண்டபத்தில் பந்தி ஆரம்பித்ததா முடிந்ததா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கோடையில் கரண்ட் அடிக்கடி போனது, வீடு அடிக்கடி போனது, அவர் நன்றாகச் சாப்பிட்டார். மழைக்காலம் வந்து, காற்றாலைகள் எல்லாம் சுற்றி, நாள்கணக்கில் கரண்ட் போகாமல் இருந்தது. வீடு ஒரு வீடுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவர் போர்டிகோவில் நடந்தார், சந்து ஓரம்வரை போனார், திரும்பினார், மீண்டும் போனார். பிறகு ஃப்யூஸில் ஏதோ வாசம் வருகிறது என்று சொல்லிவிட்டு மெயினை அணைத்துப் போட்டார். வீடு கிளம்பியது. செருப்பைத் தேடிக்கொண்டே வெளியே ஓடினார். மறுநாளும் வாசம் வந்தது. அதற்கடுத்த நாளும்.

“ஃப்யூஸு நல்லாத்தான் இருக்குது” என்றாள் ரங்கநாயகி. “உங்களுக்குத்தான் எங்கயோ கருகுது. நடந்து போனா பத்து எட்டு. அதுக்கு இத்தன பெரிய வீட்ட அனுப்பறீங்க.”

அவர் கையிலிருந்த ஒரு மோட்டாரின் தண்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். கடக். கடக்.

தை பிறந்த சமயத்தில் ஒருநாள் கரண்ட் போய் வந்தது, வீடு போனது, டீக்கடையில் முதுகைக் காட்டி நின்றிருந்த தண்டபாணியின் காதில் ‘டக்’ என்று விழுந்தது. வெறும் சுவரின் சத்தம். அவர் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினார். வசந்தாமணியின் சுவரில் சாக்கு இல்லை, அது தொங்கிய ஆணிமட்டும் இருந்தது.

கிட்டுசாமிதான் விஷயத்தைச் சொன்னார். ஓசூரில் இருக்கும் மகன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இத்தனை நாள் போகாதவள் இப்போது போகிறேன் என்றுவிட்டாள். ஸ்பேர் பார்ட்ஸ் குடோன் கட்டுகிற ஒருத்தர் இடத்தை வாங்கிவிட்டார். மாசி பிறந்ததும் இடிக்கப் போகிறார்கள்.

வீதியில் இருந்தவர்கள் எல்லாரும் மெஷினோடு பிழைப்பவர்கள். இடப்பக்கச் சுவரைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. வசந்தாமணி வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம், அதற்குப் பிறகு சரிவு, சரிவு முடிகிற இடத்தில் குளம். தட்டுவதற்குச் சுவர் கிடைக்காத வீடு போய்க்கொண்டே இருக்கும்.

தண்டபாணி முதலில் சந்தில் சிமென்ட் மூட்டைகளை அடுக்கினார். வீடு அவற்றைச் சோற்றுத்தட்டை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிட்டுப் போனது. கிட்டுசாமி தன் பட்டறையில் இரும்புத் தூண் ஒன்றைக் கடைந்து, குழிதோண்டி, கான்கிரீட் போட்டு நிறுத்தினார். வீடு வந்து அதில் முட்டியது, நின்றது, திரும்பிப் போகாமல் அங்கேயே நின்று ‘கடக் கடக் கடக்’ என்று துடித்துக்கொண்டிருந்தது. அதன் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, சுவரில் விரிசல் ஓடியது, ரங்கநாயகி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு “அறுத்துப் போடுங்க, அறுத்துப் போடுங்க” என்று கத்தினாள். தூணை கேஸ் கட்டிங்கில் அறுத்தார்கள். வீடு போய் வசந்தாமணியின் சுவரைத் தட்டிவிட்டு வந்து, களைத்துப்போனதுபோல உட்கார்ந்தது. ஃப்யூஸைப் பிடுங்கிவைத்துப் பார்த்தார்கள். தன் வீட்டுக்கு இல்லாவிட்டாலும் வீதிக்குக் கரண்ட் வந்தால் அதற்குப் போதுமானதாக இருந்தது.

“போயி ஒரு வார்த்த கேளு மாப்ள” என்றார் கிட்டுசாமி.

“என்னன்னு கேக்கறது?”

“விக்காதேன்னு.”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?”

“இருக்கறது ஒண்ணுதான. இத்தன நாளா அத டீக்கடைப் பக்கந்தான திருப்பி வெச்சிருந்த. ஒருக்கா இந்தப் பக்கம் திருப்பு.”

அவர் போனார். உண்மையாகவே போனார். அப்பா போட்ட அந்தக் கதவின் முன்னால் நின்றார். நெஞ்சுவரைக்கும் கை எழுந்தது. உள்ளே வசந்தாமணி அட்டைப்பெட்டிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. தன் வீடு போகாமலிருக்க தங்கையின் வீட்டைக் கேட்பதாக அவள் நினைப்பாள் என்று தோன்றியது, அப்படித்தானே கேட்கவும் வந்திருக்கிறோம் என்றும் தோன்றியது. கை இறங்கியது. திரும்பி வந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மிக்ஸியைக் கழற்ற ஆரம்பித்தார்.

இடிக்கிற நாள் வந்தது. ஜேசிபி வந்தது. ஒயர் குறுக்கே போகிறது என்று சகாயம் வீதிக்கே கரண்ட்டை நிறுத்தினார். ஆள்கள் முதலில் ஓடுகளை இறக்கினார்கள், பிறகு ஜன்னல்களைப் பெயர்த்தார்கள், பிறகு முன்கதவை நிலையோடு சேர்த்துப் பெயர்த்து, தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டுபோய் இடத்தின் கடைசியில் வேப்பமரத்தடியில், கூடத்துத் தளம் முடிகிற இடத்தில் நிறுத்தி, மரத்தின்மேல் சாய்த்தார்கள். வீட்டில் எல்லாவற்றையும் விற்ற வசந்தாமணி அதை மட்டும் விற்கவில்லை. ஓசூருக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொல்லியிருந்தாள். கதவுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு, வேனுக்காக உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் குளம் தெரியும்; இடிவது தெரியாது. மத்தியானத்துக்குள் சமையலறைச் சுவரும் விழுந்தது. லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது.

சகாயம் கரண்ட்டைப் போடவில்லை. யாரும் போடச் சொல்லவில்லை. அவசர ஆர்டர் வைத்திருந்தவர்கள்கூட லேத்துகளைத் துடைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒரு வீதி முழுவதும் ஒரு வீட்டுக்காகக் கரண்ட் இல்லாமல் வேர்த்துக்கொண்டு நின்றது. ஆள்கள் வீட்டுக்குள்ளிருந்து சாமான்களை இறக்கப் போனார்கள். ரங்கநாயகி பீரோவைத் தொடவிடவில்லை. “குக்கர் வெச்சிருக்கறேன். விசில் வராம நான் இறங்கமாட்டேன்” என்றாள். சகாயத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேலதிகாரி, பக்கத்து வீதிகள், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். வெயில் சாய்ந்தது. வேன் வந்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. சகாயம் டிரான்ஸ்ஃபார்மர் அருகிலிருந்து கத்தினார்.

“இனித் தாங்காதுங்ணா! போட்டுடறேன்!”

ட்யூப் லைட்டுகள் கண்சிமிட்டின. லேத்துகள் எதுவும் எழவில்லை. வீடு எழுந்தது.

தண்டபாணியின் கால்கள் பழக்கத்தில் டீக்கடைப் பக்கம் திரும்பின, இரண்டு எட்டு வைத்தன, நின்றன. வீடு கோலத்தின் இழை வழியாகவே சந்தைக் கடந்தது. சுவர் இருந்த இடத்துக்கு வந்தது. அங்கே ஒருகணம் தயங்கியதுபோல இருந்தது. பிறகு ‘கடக்’ என்று அடுத்த எட்டை வைத்தது. அடுப்பு இருந்த இடத்தைக் கடந்தது, சாமி படம் மாட்டியிருந்த இடத்தைக் கடந்தது, அப்பா படுத்துக்கொண்டே செத்துப்போன இடத்தைக் கடந்தது, வெறும் தளமாகிப்போன கூடத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ரங்கநாயகியின் முகம் தெரிந்தது. அவள் கத்தவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்வீஸ் ஒயர் ஊஞ்சல் வளைவை எல்லாம் இழந்து நேராக விறைத்தது. ஹோஸ் அறுந்து தண்ணீர் பீய்ச்சியது.

தண்டபாணி ஓடினார். ஊர்கிற வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், அதன் சுவரில் கைகளை வைத்துத் தள்ளினார், செருப்புகள் வழுக்கின, வீடு அவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தது. தள்ளுவதை விட்டுவிட்டுத் திரும்பினார். எதிரே அந்தக் கதவு நின்றுகொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டவெளி. சுற்றிக்கொண்டு போக எவ்வளவோ இடம் இருந்தது. அவர் சுற்றிக்கொண்டு போகவில்லை. கதவின் முன்னால் போய் நின்றார். ஆயுளில் முதல் தடவையாக அதைத் தட்டினார்.

“யாரது?” என்றாள் வசந்தாமணி உள்ளிருந்து.

“நான்தான்.”

“நான்தான்னா?”

முதுகுக்குப் பின்னால் ‘கடக்’ என்றது. அவர் மறுபடி தட்டினார்.

“பாணி. உன்ற அண்ணன்.”

“அண்ணனா? எப்பவும் வீடுதான வரும். இன்னைக்கு ஆளும் வந்துட்டாங்களா?” நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. “என்ன வேணுமாம்? சொவத்தக் கேட்டு வந்தீங்கன்னா, அது லாரியில போயிருச்சு.”

“சொவரு வேண்டாம்.”

“பின்ன?”

கடக். அவருடைய கழுத்தில் வீட்டின் நிழல் குளிர்ச்சியாக விழுந்தது. என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை, இத்தனை நாளாக அதைத்தான் கழற்றிக் கழற்றித் தேடிக்கொண்டிருந்தார் என்று மட்டும் தெரிந்தது.

“அன்னைக்கு நீ வந்து கேட்டப்பவே சாவியக் குடுத்திருக்கோணும் வசந்தா” என்றார். “நாம்பாட்டுக்கு நின்னுட்டேன்.”

வீடு வந்து அவருடைய முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவே, ஒரு தட்டு தட்டியது. அவர் கதவின்மேல் போய் விழுந்தார். கதவு ஆடியது, சாயப் போனது, அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டன. பலகையின் ஊடாக அந்தக் கைகளின் பலம் அவர் உள்ளங்கைகளுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நின்றார்கள். வீடு ஒருகணம் அப்படியே ஒட்டி நின்றது. பிறகு ‘கடக்’ என்று ஒரு எட்டுப் பின்வாங்கியது. இன்னொரு எட்டு. வீதியில் யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள், வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது.

“தொற வசந்தா.”

“எப்படித் தொறக்கறது?” என்றாள். “அவனுக திருப்பிச் சாத்தி வெச்சுட்டுப் போயிருக்கறானுக. தாழ்ப்பா உங்க பக்கந்தானுங்ணா இருக்குது.”

அவர் குனிந்து பார்த்தார். அவர் தட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே, கைக்கு எட்டுகிற உயரத்தில், இரும்புத் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. துருவேறி இறுகியிருந்தது. அதைப் பிடித்து இழுத்தார். ஒரு பல் நகர்ந்து நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். இன்னொரு பல் நகர்ந்தது.